புகையில்லாத நெருப்பு

எங்கள் வீட்டில் சாமி கும்பிட இரண்டு பேர் வேண்டும். என் மனைவி யோகம் கர்ப்பூரம் காட்டுவாள். நான் கதிரையில் ஏறி நின்று, கூரையில் ஒட்டியிருக்கும் ஸ்மோக் அலாரத்துக்குத் துவாயால் விசிறுவேன். முருகனுக்குத் தீபம், அலாரத்துக்குச் சாமரம். இரண்டில் எது கோபித்தால் ஆபத்து என்று என்னைக் கேட்காதீர்கள். மெல்பேர்னில் இத்தனை வருடம் இருந்தவன் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போனபின், பெரிய வீட்டை விற்று, மல்கிரேவில் மூன்றாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்ற் வாங்கினோம். வாங்கினோம் என்பது ஒரு பேச்சுக்கு. உள்ளே இருக்கும் காற்று எங்களுடையது. மற்றதெல்லாம் உரிமையாளர் சங்கத்துடையது. பல்கனியில் சேலை காயப்போடக் கூடாது. வாசலில் செருப்பு கிடக்கக் கூடாது. குளிர்காலம் முழுவதும் சுவர் ஹீற்றர் சூட்டை ஊதிக்கொண்டே இருக்கும். யோகத்துக்கு அது பிடிக்காது. "உது காத்துத்தானே. நெருப்பைக் கண்ணால பாக்கோணும்" என்பாள். ஒருநாள் கடையொன்றில் அவள் தேடியது கிடைத்தது. எதனோல் ஊற்றி எரிக்கும் ஃபயர்பிளேஸ். சுவரில் பதித்துவிடலாம், புகைபோக்கி தேவையில்லை. "புகையே வராதாமப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் சொன்னாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கலியாணம் கட்டிய புதிதில் சண்டையால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வளவில் இருந்தோம். யோகம் மூன்று கல் வைத்துச் சமைப்பாள். அரிசி கொதிக்கத் தொடங்கவும் வானத்தில் குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் கேட்கவும் சரியாக இருக்கும். யாராவது கத்துவார்கள்: "நெருப்பை நூருங்கோ! புகை தெரியுது!" பானையில் இருப்பதை அப்படியே அடுப்பில் கவிழ்த்து நெருப்பை அணைப்பாள். தப்பியதைத் தின்போம். ஒவ்வொரு சோற்றுப் பருக்கைக்கும் நடுவில் வேகாத ஒரு கடினம் இருக்கும். அதைக் கடித்தே எங்கள் தாம்பத்தியம் பலப்பட்டது என்று பிறகு நான் பகிடி விடுவதுண்டு. அவள் சிரித்ததில்லை. கடையில் அன்று சொன்னாள்: "ஒருத்தரும் நூரெண்டு கத்தாத நெருப்பொண்டு எனக்கு வேணும். அது தானா நூருமட்டும் முன்னால இருக்கோணும்."

சங்கத்தின் அனுமதி இல்லாமல் சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது. கூட்டத்துக்குப் போனேன். தலைவர் கிறெக், இளைப்பாறிய மனிதர், நல்லவர். "ஹீற்றர் வேலை செய்யவில்லையா?" என்று கேட்டார். வேலை செய்கிறது, என் மனைவிக்கு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆ! அம்பியன்ஸ்!" அறைக்கு அழகான ஒரு சூழல் என்று அர்த்தம். பள்ளிக்கூட வளவையும் வானத்து இரைச்சலையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அடுத்த விடயம் குப்பைத் தொட்டி. ஆட்கள் ஏற்கெனவே அதற்குச் சூடாகிக்கொண்டிருந்தார்கள். "யெஸ், அம்பியன்ஸ்" என்றேன். நாங்கள் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் வசதியாக அடங்கியது. அனுமதி கிடைத்தது. அலங்காரத்துக்கு மட்டும், சமைக்கக் கூடாது.

ஃபயர்பிளேஸைச் சுவரில் பூட்டிவிட்டு ஆட்கள் போனதும் யோகம் தலைக்கு வார்த்துவிட்டு வந்தாள். இரும்புச் சட்டத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு குசினியிலிருந்து ஒரு தாங்கியும் பால் பானையும் வந்தன.

"யோகம், சமைக்கக் கூடாதெண்டு எழுதியெல்லோ தந்தவங்கள்."

"பால் காய்ச்சிறது சமையலே? புது அடுப்பை வெறுமன பத்த வைக்கிறதோ? பேசாமப் பக்கத்தில நில்லுங்கோ."

நின்றேன். நீல நெருப்பு, பிறகு மஞ்சள். பால் எழும்பி வந்தது. யோகம் கைகூப்பினாள். பொங்கி வழிந்த பால் சூட்டில் கருகியது. எங்கள் வீட்டு நெருப்பொன்றுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்றாக நின்றது அன்றுதான். அலாரத்துக்கு விசிற ஆளில்லாமல் கதிரை காலியாக இருந்தது. கூரையைப் பார்த்துக் கத்தினேன்:

"நூர், யோகம், நூர்! புகை!"

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கை தன்பாட்டில் பானையைக் கவிழ்த்தது. பிறகு வந்ததுதான் புகை. அலாரம் அலறியது. நான் மேதாவித்தனமாக வாசற்கதவைத் திறந்துவிட்டேன். புகை நடைபாதைக்குப் போனது. அங்கிருந்த அலாரம் முழுக் கட்டடத்தையும் எழுப்பித் தீயணைப்பு வண்டியையும் அழைத்தது.

கார் தரிப்பிடத்தின் குளிரில் எல்லோரும் நின்றார்கள். பூனையை அணைத்தபடி வந்த கிறெக்கிடம் யோகம், "மில்க். ஃபோர் குட் லக்" என்றாள். அவர் பூனையை மறு தோளுக்கு மாற்றினார். "அம்பியன்ஸிலா?" என்று மட்டும் கேட்டார்.

தீயணைப்பு வீரர்கள் மேலே போனபின் யோகம் மெதுவாகக் கேட்டாள். "இஞ்சருங்கோ, பால் முதல்ல எந்தப் பக்கம் பொங்கினது? பாத்தனீங்களோ?"

"கிழக்கால" என்றேன். நான் கூரையையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கம் அனுமதியைத் திரும்பப் பெற்றது. கழற்றத் தேவையில்லை, ஆனால் இனி ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. கிறெக் நேரில் வந்து, சங்கடத்துடன்தான் சொன்னார். யோகம் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் போனபின் என்னிடம், "அந்தாள் பாவம். கத்தினது நீங்களெல்லோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குங்குமம் இன்னும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பின்சுவரில் ஹீற்றர் ஊதுகிறது. கதிரைகளை அந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்றேன், அவள் கேட்கவில்லை. எரியாத அடுப்பைப் பார்த்தபடி இருக்கிறோம். முதுகு சுடுகிறது. அவள் கைகளை முன்னால் நீட்டுகிறாள். கொஞ்ச நேரத்தில் நானும்.