கருவாட்டு லொறியில் ஒரு செபம்

ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குப் போகும் வழியைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்த வழி மறக்காமல் இருப்பதற்குக் காரணம், அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதத்தில், காய்ச்சலில் கிடந்த எங்கள் மகள் எஸ்தரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பயணம்.

அவளுக்கு நாலு வயது. அன்று விடியும்போது கூப்பிட்டும் கண்ணைத் திறக்கவில்லை. பஸ் காலை ஏழு மணிக்கு. அதை விட்டால் மத்தியானம்தான். வாசலில் நின்றுகொண்டு, "ஒரு செபம் சொல்லிப்போட்டு வெளிக்கிடுவம்" என்றார் என் கணவர். எங்கள் சபையில் அவருடைய செபத்துக்குப் பெயர் உண்டு. வேதக் கதைகளை ஆதாமில் தொடங்கி, மீன்பிடித்த பேதுருவிடம் வருவதற்குள் சோறு ஆறிவிடும். அன்று செபத்தில் பேதுரு வலை வீசிக்கொண்டிருந்தபோது பஸ் சந்தியைத் தாண்டும் சத்தம் கேட்டது. பத்திரமாய்ப் போய்ச் சேரவேண்டும் என்று செபித்தே பஸ்ஸைத் தவறவிட்ட குடும்பம் வன்னியில் எங்களுடையது மட்டும்தான் இருக்கும். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

சந்திக்கு ஓடினோம். முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றி வந்த லொறி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் காசிம் நானா என்ற முஸ்லிம் வியாபாரி. "பிள்ளைக்கு என்ன தங்கச்சி? ஏறுங்கோ, நான் வவுனியாவுக்குத்தான் போறன்" என்றார். கருவாட்டு நாற்றத்துக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். இருந்தாலும் ஏறி உட்கார்ந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

மாங்குளம் வரைக்கும் பதினைந்து, பதினாறு மைல், இரண்டு பக்கமும் காடு. பாதி வழியில் நடு றோட்டில் ஒரு யானை நின்றது. நானா எஞ்சினை நிறுத்தினார். "ஹோன் அடிச்சால் பாயும். அது விலகினால்தான் போகலாம்."

எஸ்தரின் மூச்சு என் கழுத்தில் நெருப்பாய்ச் சுட்டது. என் கணவரின் மடியில் இருந்த வேதப்புத்தகத்தை நானா பார்த்தார். "ஐயா, நீங்கள் வேதக்காரர்தானே. பிள்ளைக்காக ஏதும் கேளுங்கோவன்."

"சர்வ வல்லமையுள்ள..." என்று என் கணவர் தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. பிறகு பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதுபோலச் சொன்னார்: "அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. என்ன கேக்கிறதெண்டும் தெரியேல்லை. பிள்ளை உம்மட கையில. நீர் என்ன செய்தாலும் நான் உம்மோடதான் இருப்பன்."

அவ்வளவுதான். நானா "ஆமீன்" என்றார். நான் அழுதேன். காலையில் இருந்த கோபமும் அந்த அழுகையோடு போய்விட்டது.

யானை உடனே விலகவில்லை. பக்கத்து மரக்கிளையை அவசரமில்லாமல் ஆறுதலாய்த் தின்று முடித்துவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்கியது. மாங்குளத்தில் திரும்பினால் வவுனியாவுக்கு இன்னும் முப்பது மைலுக்குக் கிட்ட. நானா எங்கேயும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அடுத்த நாள் காலை எஸ்தர் கண்ணைத் திறந்து, மூக்கைச் சுளித்தாள். "அம்மா, உங்களில கருவாடு மணக்குது." நானும் அவரும் சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்துவிட்டார்.

அந்த வழியில் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். யானை நின்றால் இறங்காதீர்கள், ஹோன் அடிக்காதீர்கள். செபிக்கிறவர்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு செபியுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நன்றிச் செபம் நீளும் என்று நான் சோற்றை மூடியே வைத்திருந்தேன். அவர் எஸ்தரைப் பார்த்தார். "நன்றியப்பா" என்றார். மூடியைத் திறந்தேன். சோற்றில் ஆவி பறந்தது.