கொய்யாவை நிறுத்திய மாதம்

யார் தும்மினாலும் மருந்து சொல்லிவிடுவது என் கெட்ட பழக்கம். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சீட்டோடு வருகிறவர்களைவிட, "சளி பிடிச்சிருக்கு, பாத்துக் குடுங்க" என்று வருகிறவர்கள்தான் அதிகம். நானும் பார்த்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். தயிர் கூடாது, கொய்யா கூடாது, வெள்ளரிக்காய் பக்கமே போகாதீர்கள், எல்லாம் குளிர்ச்சி என்று ஒரு பிரசங்கம் நடத்துவேன். கேட்பவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். ஊரில் பாதிப் பேர் என்னை டாக்டர் என்றே கூப்பிடுவதால் எனக்குத் தலைக்கனம் வேறு.

இந்தத் தலைக்கனம் ஒரு சின்ன உயிரைக் கொன்றது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது தோழி ஒருத்தியிடமிருந்து கினிபிக் என்கிற சீமை எலிக் குட்டி ஒன்றை வாங்கி வந்தாள். பழுப்பும் வெள்ளையுமாக, கையகலம் இருந்தது. அதற்கு அவள் ஒரு பெயர் வைத்தாள். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் அதை முயல் என்றவர்கள் உண்டு, பெருச்சாளி என்றவர்கள் உண்டு. பால்காரர் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, வாலைக் காணோமே, யாராவது வெட்டிவிட்டார்களா என்று கவலைப்பட்டார். ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. பிறகு என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கூண்டுக்குள்ளிருந்து விசில் அடிக்க ஆரம்பித்தது. தெரு முனையில் நான் திரும்பும்போதே வீட்டுக்குள் விசில் கேட்கும் என்று மனைவி சொல்வாள். வீட்டில் என் வரவுக்கு அப்படி ஒரு வரவேற்பு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் மனிதர்களுக்கே இடம் போதவில்லை. அதனால் அது எங்களோடு இருந்துவிட்டது. போகும்போது அவள் எங்களிடம் சொன்னது கொஞ்சம்தான். தினமும் அருகம்புல், மத்தியானம் ஒரு துண்டு கொய்யா, கொஞ்சம் கொத்தமல்லித் தண்டு, ஞாயிற்றுக்கிழமை எடை. சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதற்குள் அதை உட்கார வைப்போம். தொள்ளாயிரம் கிராமுக்குப் பக்கத்தில் காட்டும். அதை மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்புவேன். தினமும் காலையில் கடை திறக்கும் முன் அரிவாளோடு வாய்க்கால் கரைக்குப் போய் ஒரு பை நிறையப் புல் அறுத்துக்கொண்டு வருவேன். வயலுக்குப் போகிறவர்கள், மாடு வாங்கிட்டீங்களா டாக்டர் என்று கேட்பார்கள். எலி வாங்கியிருக்கிறேன் என்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் அடைமழை பிடித்துக்கொண்டது. சம்பா நடவு முடிந்த வயல்களில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. கரையில் அறுத்த புல் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்ந்தது. ஒருநாள் காலையில் அது தும்மியது. சாயங்காலம் மறுபடி மூன்று தும்மல்.

தும்மல் கேட்டால் நான் என்ன செய்வேன் என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. அன்றிலிருந்து கொய்யாவை நிறுத்தினேன். கொத்தமல்லியை நிறுத்தினேன். அவ்வப்போது கொடுத்த வெள்ளரி, தக்காளி எல்லாம் போயிற்று. புல்லை மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் பரப்பி, மொறமொறவென்று காய்ந்த பிறகுதான் போட்டேன். பச்சையாக எதையும் அண்டவிடவில்லை. வெதுவெதுப்பாகக் குழைந்த கஞ்சி, வேகவைத்த கேரட். காய்ச்சலில் கிடந்தபோது என் மகளை எப்படிப் பார்த்துக்கொண்டேனோ அப்படியே பார்த்துக்கொண்டேன். அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்ததை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். எனக்கா தெரியாது என்றேன். இந்த இரண்டு வார்த்தைகளை என் கல்யாணத்திலிருந்து இன்றுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

நாலாவது நாள் தும்மல் நின்றது. என் வைத்தியம் பலித்துவிட்டதாக நினைத்துக் கொண்டாடினேன். மழை விடட்டும், பிறகு கொய்யா தரலாம் என்று முடிவு செய்தேன். மழை விடவில்லை.

மகள் ஒருநாள் விட்டு ஒருநாள் போனில் பேசுவாள். கடைசியில் அந்தக் கேள்வி வரும்.

"கொய்யா குடுக்கிறீங்களாப்பா?"

"குடுக்காம இருப்பேனா," என்பேன்.

பொய்தான். உண்மையைச் சொன்னால் காரணம் கேட்பாள், இண்டர்நெட்டில் எதையாவது படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுப்பாள் என்று தோன்றியது. நேற்றுப் பிறந்தவளிடம் நான் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு.

இரண்டாவது ஞாயிறு எடை கொஞ்சம் குறைந்திருந்தது. மகளைத் தேடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். பழைய போட்டோ ஒன்றை அவளுக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிறு எழுநூற்றுச் சொச்சம். முடி சிலுப்பிக்கொண்டு நின்றது. ஓடியாடித் திரிந்த பிராணி ஒரு மூலையிலேயே உட்கார்ந்தது. நகர்ந்தால் பின்னங்கால்களை மடக்காமல் தத்தித் தத்தி நகர்ந்தது. தராசில் வைக்கத் தூக்கினால் வீறிட்டது. கிண்ணத்தில் நிலைகொள்ளாமல் துடித்தது. நான் அதன் முதுகை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சும்மா இருடா, ஒரு நிமிஷம்," என்று அதட்டினேன். எடை குறையக் குறையத் தினமும் பார்க்க ஆரம்பித்தேன். அதாவது தினமும் தூக்கினேன், தினமும் அழுத்தினேன். கஞ்சியை இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கினேன்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போன ஒரு மத்தியானம் விசில் வரவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் நேர்மையான மனிதர். மாடு, ஆடு, கோழி என்றால் பார்க்கிறேன், இதை நான் கையால் தொட்டதுகூட இல்லை, தஞ்சாவூருக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். மருந்து வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் துண்டை விரித்து அதைப் படுக்க வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மழை. பஸ் குலுங்கும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய முனகல் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கோழிக்குஞ்சா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

தஞ்சாவூரில் வீட்டுப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் ஓர் இளம்பெண். அதை மேஜையிலேயே படுக்கவிட்டு, விரல் நுனியால் முழங்காலைத் தொட்டார். அது கத்தியது. வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார். என்னென்ன தீனி கொடுக்கிறேன் என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன்: காய்ந்த புல், கஞ்சி, வேகவைத்த கேரட்.

"பழம், பச்சைக் காய்கறி எதுவுமே குடுக்கிறதில்லையா சார்?"

சளி பிடித்திருந்தது, அதனால் ஒரு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றேன்.

அவர் அதன் முழங்காலை மறுபடி ஒரு தரம் பார்த்தார். பிறகு, "இதுவும் நம்மள மாதிரிதான் சார். விட்டமின் சி இதோட உடம்புல தானா ஊறாது. திங்கிறதுல வந்தாத்தான் உண்டு. அது இல்லாமத்தான் மூட்டெல்லாம் ரத்தம் கட்டி வீங்கியிருக்கு. தொட்டாலே வலிக்கும்," என்றார்.

விட்டமின் சி சொட்டு மருந்து எழுதும்போது, ஊரில் கிடைக்குமா என்று சந்தேகமாக நிமிர்ந்து, "நீங்க என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டார்.

"மருந்துக்கடை," என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டியதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். என் கடையில் வலதுகைப் பக்கம், எட்டினால் எடுக்கிற தட்டில் விட்டமின் சி இருக்கிறது. சளி என்று வருகிறவரிடம் கொய்யாவை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதே வாயால் இந்த மாத்திரையைச் சப்பிச் சாப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட இது எனக்கு உறைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உறைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். கடையை மத்தியானத்தோடு சாத்தினேன். கொய்யாவைக் குழைய மசித்து, விதை நீக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய் ஓரமாகத் துளித் துளியாக விட்டேன். மனைவி எதிரே உட்கார்ந்து ஒழுகுவதைத் துடைத்தாள். தூக்கவில்லை, தரையில் நான் படுத்துக்கொண்டு ஊட்டினேன். மூன்றாம் நாள் ஒரு கொத்தமல்லி இலையைத் தானாகக் கடித்தது. அதை மென்று முடிக்க அதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பிழைத்துவிடும் என்று மனைவி சொன்னாள். நானும் நம்பினேன்.

ஐந்தாம் நாள் காலையில் சிரிஞ்சை வாயில் வைத்தேன். சாறு அப்படியே வெளியே வழிந்தது. உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

தஞ்சாவூரிலிருந்து திரும்பிய அன்றே மகளிடம், அதற்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன். பரீட்சை முடிந்ததும் பஸ் ஏறியிருக்கிறாள். அது இறந்த அன்று சாயங்காலம் வந்து சேர்ந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. துண்டை விலக்கி அதன் விலா எலும்புகளை விரலால் தடவிப் பார்த்தாள். கார்த்திகையில் எங்கள் ஊர்க் கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். நான் தோண்டத் தோண்டக் குழி நிரம்பியது. தண்ணீருக்குள் போடாதீர்கள் என்று அவள் அழுதாள். கடைசியில் சுவரோரம் மேடாக இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டிக் குவித்து அதற்குள் வைத்தோம்.

கை கழுவும்போது அவள் சொன்னாள். "நான் விட்டுட்டுப் போனதாலதாம்பா. என்னயத் தேடித்தான் திங்காமப் போயிருச்சு. நீங்க குடுத்துட்டுதான இருந்தீங்க."

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "வயசாயிடுச்சும்மா," என்றேன். மூன்று வயதுகூட ஆகாத பிராணி. மனைவி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஊருக்குப் போன பிறகு, நீங்களேதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சொல்கிறேன் என்றேன். இரண்டு வருஷம் சொல்லவில்லை. உறவுக்காரர்களிடமெல்லாம் மகள், அப்பா தரையில் படுத்து ஊட்டினார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

போன மழைக்காலத்தில் அவளைப் பார்க்கச் சென்னைக்குப் போனேன். இப்போது தோழி ஒருத்தியோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். மாடிப்படியில் நனைந்து கிடந்த பூனைக்குட்டி ஒன்றை அந்தத் தோழி தூக்கி வந்து, என் மகள் மடியில் வைக்கப் போனாள். மகள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். நான் வளத்தா அது உசுரோட இருக்காது," என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. தனக்கு ஒரு வியாதி இருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். தோழி குட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் கேட்கப் போனாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் சொன்னேன். தும்மல், கொய்யா, போனில் சொன்ன பொய், டாக்டர் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத் தேடி அது சாகவில்லை, நான்தான் காரணம் என்றேன். தெரியாமல் செய்தேன் என்று சேர்த்துக்கொள்ள நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வலிச்சிருக்குமாப்பா?"

"வலிச்சிருக்கும்மா. நான் தூக்குனப்பல்லாம் வலிச்சிருக்கும்."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கூப்பிடவில்லை.