அம்மா சீரியஸ்

தட்டு நிறையக் கிடந்த செல்போன்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்போது கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு சொகுசு விடுதியின் ரிசப்ஷனில் இருந்தேன். தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பு ஆளைத் தூக்கிவிடுமோ என்று பயந்து, ஒரு கட்சி தன் எம்.எல்.ஏ.க்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்து எங்களிடம் அடைத்தது. சட்டசபையில் ஓட்டெடுப்பு முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது, போன் பேசக் கூடாது என்று செல்போன்களையெல்லாம் வாங்கித் தட்டில் போட்டுவிட்டார்கள். மக்கள் பிரதிநிதிகள் பிரதட்சிணம் மாதிரி நீச்சல் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

ஆளை வெளியே இழுக்க எதிர்த்தரப்பு ஒரே பொய்யைத்தான் வைத்திருந்தது. ரிசப்ஷனுக்கு போன் போட்டு "அம்மா சீரியஸ்" என்பார்கள். அந்த வாரம் எத்தனை அம்மாக்கள் சாகக் கிடந்தார்களோ! காவலுக்கு இருந்த கட்சியின் மாவட்டச் செயலாளர் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்.

குன்றத்தூர்ப் பக்கத்து எம்.எல்.ஏ. முதல் தடவை ஜெயித்தவர். அவரைக் கேட்டு வந்த போனை நான்தான் எடுத்தேன். வயதான குரல். "சீக்குலாம் ஒண்ணியும் இல்லம்மா. புள்ள கொரல கேக்கணும் போல கீது. அவ்ளோதான்." சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் அப்படியே சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். "எங்கம்மாவா? அது வாயத் தொறந்தா திட்டுதான் வரும். கொரல கேக்கணும்னுலாம் சொல்ற ஆளே கெடையாது. எவனோ செட் பண்ணிக்கீறான், வெச்சிடுங்க மேடம்." செயலாளர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் திரும்பி வருவதற்குள் லைன் கட்டாகியிருந்தது.

அன்று சாயங்காலமே அந்த அம்மா போய்விட்டார். மறுநாள் காலை அதைச் சொல்ல வந்த போனைச் செயலாளர் நம்பவும் இல்லை, இவரிடம் சொல்லவும் இல்லை. ஓட்டெடுப்பில் ஜெயித்து, கழுத்தில் மாலையோடு வெளியே வந்தவரிடம்தான் ஊர்க்காரர்கள் விஷயத்தைச் சொன்னார்களாம். காரியம் முடிந்ததும் மொட்டைத் தலையோடு விடுதிக்கு வந்தார். "அம்மா இன்னா சொல்லிச்சின்னு இன்னொருவாட்டி சொல்லுங்க மேடம்" என்றார். சொன்னேன்.

அந்த ஆட்சி பாதியிலேயே கவிழ்ந்தது. அவருக்குப் பதவி இல்லை. நானும் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்துவிட்டேன். ஆனால் வருஷா வருஷம் அம்மாவின் திதியன்று, அதே வார்த்தையைக் கேட்டு அவரிடமிருந்து போன் வரும். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, பாவமாகவும் இருக்கும். அதைவிடப் பயம் அதிகம், ஏனென்றால் சொல்லச் சொல்ல என் குரல் என்னுடையதாக இருப்பதில்லை. போன வாரமும் கேட்டார். "புள்ள கொரல கேக்கணும் போல கீது. அவ்ளோதான்" என்று முடித்தேன். இத்தனை வருஷமாக என்னை மேடம் என்றே கூப்பிடுகிறவர், மெதுவாகச் சொன்னார்: "இங்கதாம்மா கீறேன். பேசு."