கடைமடைக் கணக்கு

எருத்தேன்பதிப் பக்கம் ஒரு சிறிய பாசன சங்கத்தில் தண்ணீர் முறை போடுவது யோகப்பிரியாவின் வேலை. பொள்ளாச்சியில் பி.காம். படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபின், அவளே கம்ப்யூட்டரில் ஒரு ஷீட் தயாரித்தாள். தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு கட்டத்தில் அடித்தால் போதும், எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்முலா பிரித்துக் கொடுத்துவிடும். மட்டம் இறங்கினால் எல்லாருக்கும் ஒன்றுபோலக் குறையும். அதற்கு முன்பெல்லாம் முறை சொன்னவர் சங்கச் செயலாளர் தங்கதுரை. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் பெரிய தென்னந்தோப்பு அவருடையது.

மாசியில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. அங்கேதான் அவள் மாமனார் குப்பண்ணன் தக்காளி போட்டிருந்தார்.

"அம்மிணி, நம்ம முறைக்கு வாய்க்கா காஞ்சு கெடக்குது. கணக்கைச் சரியாப் பாத்தியா?"

ஷீட்டைத் திறந்து மட்டத்தை மாற்றி அடித்தாள். நேரம் எதுவும் அசையவில்லை. கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பார்முலா இருந்த இடத்தில் வெறும் எண் இருந்தது. எல்லாம் தை மாதத்தில், தொட்டி நிறைந்திருந்தபோது வந்த எண்கள். அதன்படி மேல்தோட்டங்கள் முழு நேரமும் பாய்ச்சிக்கொள்ள, கடைசிக்கு முறை வருவதற்குள் தொட்டி வற்றிவிடும்.

காப்பி எடுக்கும்போது தன் கைதான் தவறியிருக்கும் என்று நினைத்தாள். பார்முலாக்களைத் திரும்ப எழுதினாள். அடுத்த வாரம் மறுபடி எண்கள். கட்டங்களைப் பூட்டி வைத்தாள். பூட்டும் திறந்திருந்தது. கடைசியில், யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பக்கத்தைப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அவள் பெயரே இருந்தது. அதில் ஒரு நாள், அண்ணன் மகளின் காதுகுத்துக்காக அவள் கிணத்துக்கடவில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாள். லேப்டாப் வீட்டில் இருந்தது. பாஸ்வேர்டு தெரிந்த இன்னொரு ஆள் அவள் புருஷன் கோகுல்நாத் மட்டும்தான்.

காலையில் கோகுல்நாத் லாரி கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஷீட்டைத் தொட்டீங்களா?"

அவன் திரும்பவில்லை. "தங்கதுரை அண்ணன் சொன்னாரு. காப்பி பண்ணி வெறும் எண்ணா ஒட்டீரு, யாருக்கும் தெரியாதுன்னாரு. அவரு தோப்புத் தேங்கா இல்லீன்னா இந்த வண்டிக்கு லோடு ஏது?"

"மாமா போட்ட தக்காளி?"

"அப்பா ஒரு போகம் தாங்கிக்குவாரு."

சங்கக் கூட்டத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வராத பேச்சு எழுந்தபோது தங்கதுரை நிதானமாகப் பேசினார். "அம்மிணியைக் குத்தம் சொல்லலீங்க. கம்ப்யூட்டர்ல பழக்கம் பத்தலை, அவ்வளவுதான்."

யோகப்பிரியா எழுந்தாள். "என் பேர்லதான் மாத்தியிருக்குதுங்க. ஆனா அன்னைக்கு நான் எங்கம்மா ஊட்டுல இருந்தனுங்க. லேப்டாப்பு எங்க ஊட்டுல இருந்துச்சு. யாரு சொல்லி மாத்துனதுன்னு செயலாளருக்குத் தெரியுமுங்க."

குப்பண்ணன் திரும்பி, வாசலில் நின்ற மகனைப் பார்த்தார். கோகுல்நாத் போனை எடுத்துப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊட்டுச் சண்டையைச் சங்கத்துக்குக் கொண்டாரக் கூடாது அம்மிணி," என்றார் தங்கதுரை. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஷீட் வேண்டாம், செயலாளரே பழையபடி முறை சொல்லட்டும் என்று தீர்மானம் வந்தது. கைகள் உயர்ந்தன. குப்பண்ணனும் கை தூக்கினார்.

திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள். "நீங்களுமா மாமா?"

"அவன் எனக்கு ஒரே பையன் அம்மிணி."

கருகிய செடிகளை அவரே பிடுங்கி வரப்பில் போட்டார். யோகப்பிரியா சங்க வேலையை விட்டுவிட்டாள். இப்போது கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போகிறாள். கோகுல்நாத்துக்குச் சோறு போட்டு வைக்கிறாள், பேச்சு அதிகமில்லை.

அடுத்த போகத்துக்குக் குப்பண்ணனால் பயிர் வைக்க முடியவில்லை. கடைமடை நிலத்தைத் தங்கதுரையே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வாய்க்காலில் இப்போது கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது.