முக்காட்டில் குத்திய ஊக்கு

என் முடி கொட்டுகிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது கண்ணாடி இல்லை. எங்கள் கம்பெனி சூப்பர்வைசர்.

தட்டாஞ்சாவடியில் மிக்சரும் காராசேவும் பாக்கெட் போடுகிற சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. தலையில் வலைத் தொப்பி போடாமல் உள்ளே விட மாட்டார்கள். ஒரு நாள் சூப்பர்வைசர் பெண், சீல் போடப் போன பாக்கெட் ஒன்றை நிறுத்தி, அதற்குள்ளிருந்து ஒரு முடியை இழுத்து டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நீள முடி. கீழ்ப்பாதி சாயக் கருப்பு, மேல்பாதி வெள்ளை.

"யாருதுக்கா இது?" என்று பொதுவாகத்தான் கேட்டாள். அந்த வரிசையில் அப்படி ரெண்டு நிறத்தில் முடி வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியாவது சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

"தொப்பிய காது வரைக்கும் இழுத்து உட்டுக்கங்கம்மா" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் சின்னக் கண்ணாடியைப் பிடித்து உச்சியைப் பார்த்தேன். வகிடு எடுத்த இடம் வகிடாக இல்லை. ஆள் நடந்து நடந்து புல் தேய்ந்த பாதை மாதிரி இருந்தது.

நான் எதையும் லேசாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவள். பால்காரர் வர நேரமானால், எங்கேயாவது லாரியில் மாட்டிக்கொண்டாரோ என்று வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் வேறு. டாக்டர் சொல்வதில் பாதி புரியும், மீதியைப் பயத்தால் நானே நிரப்பிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நோய் ஒண்ணும் இல்லம்மா. இந்த வயசுல சில பேருக்கு இப்படி ஆகும். தைலம் எழுதித் தரேன், கொட்டறது குறையும். பழையபடி வரும்னு எதிர்பாக்காதீங்க" என்றார் அந்த டாக்டரம்மா. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரிடம், "பழையபடி வராதாம்" என்று மட்டும் சொன்னேன். நோய் இல்லை என்றதை மறந்தே போனேன்.

அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. பல வருஷமாகவே இல்லை. "எனக்கு மண்ட வழுக்கையாகி எத்தினி காலம் ஆச்சு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார்.

"உங்களுக்கு யாரு பூ வைக்கப் போறாங்க?"



தைலம் தேய்த்தேன். சின்ன வெங்காயத்தை அரைத்துச் சாறு பூசினேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் மோந்து பார்த்துவிட்டு எழுந்து பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதோடு வெங்காயத்தை விட்டேன். வகிட்டில் கண்மையைத் தீட்டிப் பார்த்தேன். வேர்த்ததும் அது நெற்றிக்கு இறங்கியது. கடைசியில் பெரிய மார்க்கெட்டில், யாரும் தெரிந்தவர்கள் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு சவுரி முடி வாங்கினேன். அதை வைத்துக் கொண்டை போட்டால் பழைய கொண்டை மாதிரியே கழுத்தில் கனத்தது. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தக் கொண்டையோடுதான் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு போய் நின்றேன்.

முத்தியால்பேட்டைக் குடும்பம். எங்களை மாதிரியே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். மாப்பிள்ளை நல்ல பையன், ஏசி மெக்கானிக். நெற்றி மட்டும் கொஞ்சம் மேலே ஏறிவிட்டிருந்தது. அவன் அம்மா என் மகளின் பின்னலைப் பார்த்தாள், பிறகு என் கொண்டையைப் பார்த்தாள்.

"பொண்ணுக்குப் பின்னல் ஒல்லியா இருக்கேன்னு நெனச்சேன் சம்மந்தி. உங்களப் பாத்ததும் மனசு ஆறிடுச்சி. எங்க ஊட்டு ஆம்பளைங்களுக்கு முப்பதுலயே போயிடுது. பேரப் புள்ளைங்களாவது உங்க பக்கம் சாயட்டும்."

என் வீட்டுக்காரர் இருமினார். நான், "எல்லாம் மாதா கிருபை" என்று சொல்லிவிட்டேன்.

வாய் தவறித்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. அவர்கள் போனதும் என் மகள் கதவைச் சாத்திவிட்டு, "ஏம்மா, மாதா பேர்லயே சவுரி வெச்சிட்டியே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணம் காசு எதுவும் கேட்காத குடும்பம். அந்தம்மா எங்களிடம் வாய்விட்டு ஆசைப்பட்டது அந்த முடி ஒன்றுக்குத்தான், அதுவும் மார்க்கெட்டில் வாங்கினது.

அடுத்தது பூ வைத்து நிச்சயம் செய்கிற நாள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணுக்குப் பூ வைப்பாள். அவர்கள் குடும்பத்தில் கூடவே இன்னொரு வழக்கமும் உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்ணைப் பெற்றவளுக்கும் அவளே தன் கையால் ஒரு சரம் வைப்பாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூ வைக்கிற கை கொண்டைக்குள் விரலை விட்டுக் கொண்டை ஊசியைச் சொருகும். தொட்டால் தெரிந்துவிடும். பெண்ணுக்கும் அம்மா மாதிரிதான் ஆகும் என்று யோசிப்பாள். ஒரு பொய் சொன்னவர்கள் இன்னும் எத்தனை சொல்லியிருப்பார்களோ என்றும் யோசிப்பாள். கம்பெனியில் பாக்கெட் மடிக்கும்போதெல்லாம் அந்தக் கை என் தலைக்குப் பின்னால் வந்து வந்து போனது.

"நான் அவருகிட்ட போன்ல சொல்லிடறேம்மா. இதுல என்ன இருக்கு?" என்றாள் மகள்.

"சொன்னியானா உன்கிட்ட பேச மாட்டேன்."

"நாளைக்கு என் முடி கொட்டினா நானும் இப்படித்தான் ஒளிஞ்சிக்கணுமா?"

கேட்காத மாதிரி அடுப்படிக்குப் போனேன். ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

பூ வைக்கிற அன்றைக்கு எங்கள் நெல்லித்தோப்பில் காற்றே இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, அவர்கள் பக்கம் எங்கள் பக்கம் என்று எல்லோரையும் உட்கார வைத்த நேரம் கரண்டு போனது. மகள் காலையில் சவுரியை இறுக்கிக் கட்டித்தான் விட்டிருந்தாள். ஆனால் மாப்பிள்ளையின் அத்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது பின்னால் ஒரு ஊசி நழுவியதை உணர்ந்தேன். நிமிர்ந்ததும் இன்னொன்று. வேர்வையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே ஓடிச் சரிசெய்யலாம் என்று திரும்பினால், ஜெபம் சொல்ல வந்திருந்த எங்கள் கோயில் உபதேசியார் சிலுவை போட்டு ஆரம்பித்துவிட்டார்.

பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டார்கள். நானும் போட்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்த மறைவிலேயே தாலிச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, முக்காட்டுச் சேலையைக் கொண்டையோடு சேர்த்துக் குத்திவிட்டேன். இனி விழாது. நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஜெபம் முடிந்தது. எல்லோரும் முக்காட்டை இறக்கினார்கள். நான் இறக்கவில்லை.

சம்மந்தியம்மா என் மகளுக்குச் சந்தனம் தொட்டு, பொட்டு வைத்து, தலை நிறைய மல்லி வைத்தாள். பிறகு இன்னொரு சரத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"முக்காட்ட எடுங்க சம்மந்தி."

"இருக்கட்டும் சம்மந்தி. கையில குடுங்க. நான் வெச்சிக்கறேன்."

அவள் சரத்தைக் கொடுக்கவில்லை. கை நீட்டியபடி நின்றாள். மாப்பிள்ளையின் அத்தை நாற்காலியிலிருந்தே, "பூவ கையில வாங்குவாங்களா? இது என்ன பழக்கம்? இஷ்டம் இல்லன்னா ஜெபத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"ஐயோ, அப்படி இல்லீங்க."

"பின்ன எப்படி? உங்களுக்கு பிரான்ஸ் மாப்ள ஒண்ணு வந்திருக்குன்னு காதுல உழுந்துச்சி. நான் நம்பல. இப்ப நம்பறேன்."

பிரான்சில் இருக்கிற ஒரு பையனைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரோ பேச்சு வாக்கில் சொன்னது உண்மைதான். நாங்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஆனால் முக்காடு போட்டுக்கொண்டு பூவை மறுக்கிறவள் அதை எப்படிச் சொன்னால் நம்புவார்கள்? சம்மந்தியம்மாவின் முகம் சின்னதாகிப் போனது. மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டான். என் மகள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

"இந்தா, எடேன்" என்றார் என் வீட்டுக்காரர். 

எடுத்தேன். ஊக்குக் குத்தியதை மறந்து முக்காட்டை ஒரே இழுப்பாக இழுத்தேன். சேலையோடு கொண்டையும் வந்தது. சவுரி அவிழ்ந்து தோளில் விழுந்து, ஊக்கில் தொங்கிக்கொண்டு ஆடியது. அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது. மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் என் உச்சியில் காற்று பட்டது. வெறும் தோலில் பட்ட மாதிரி ஜில்லென்று பட்டது.

 உபதேசியார் ஜெபப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடினார்.

சம்மந்தியம்மாதான் முதலில் அசைந்தாள். பூச்சரத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஊக்கைக் கழற்றி, சவுரியை எடுத்து என் மகள் கையில் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கும் இதானா?" என்றாள்.

"இதான்."

"மாதா கிருபைன்னீங்களே."

 "எனக்குத்தாங்க இப்படி. பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர்கூட…" என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை.

மகள் சவுரியைக் கையில் வைத்துக்கொண்டே சம்மந்தியம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னலை எடுத்து முன்னே போட்டாள். "அத்தை, இதையும் இழுத்துப் பாத்துக்கங்க. இது என்னுதுதான். எத்தினி நாளைக்கு இருக்கும்னு மட்டும் எனக்குத் தெரியாது. உங்க புள்ள நெத்தி எங்க போய் நிக்கும்னு நான் கேட்டேனா?"

மாப்பிள்ளை தன்னை அறியாமல் நெற்றியைத் தடவினான். பின்னால் யாரோ சிரித்தார்கள், என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். சம்மந்தியம்மா சிரிக்கவில்லை. பின்னலை இழுத்தும் பார்க்கவில்லை. சரத்தைப் பல்லால் கடித்து, பாதியாக அறுத்தாள். தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, எலுமிச்சங்காய் அளவுகூட இல்லாத என் முடிச்சில் அந்தப் பாதிச் சரத்தைச் சொருகினாள்.

"முழுசா வெச்சா நிக்காது" என்றாள். அவ்வளவுதான்.

பிரியாணி சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். கிளம்பும்போது சம்மந்தியம்மா என் வீட்டுக்காரரிடம், "ஓலை விசயமா எங்க ஃபாதர்கிட்ட பேசறோம்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ரெண்டு பேர் பெயரையும் படித்து, தடை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அதைத்தான் நாங்கள் ஓலை என்போம். அவர்கள் கோயிலிலிருந்து பேப்பர் வந்தால்தான் எங்கள் கோயிலில் படிப்பார்கள்.

பேசறோம் என்றால் என்ன அர்த்தம்? கொடுக்கறோம் என்று ஏன் சொல்லவில்லை? அன்றிலிருந்து இதே யோசனை. போனை மடியிலேயே வைத்திருந்தேன். கம்பெனியில் போனை வெளியே வைத்துவிட வேண்டும், அந்த எட்டு மணி நேரமும் அது அடித்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். மாலையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. "அவர் பேசறாரும்மா, நல்லாத்தான் பேசறார்" என்றாள் மகள். பையன் பேசுவான். பேப்பர் கொடுப்பது அவன் அம்மா அல்லவா. சனிக்கிழமை என் வீட்டுக்காரர் உபதேசியாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நம்ம ஃபாதர் ஊர்ல இல்லையாம். பேப்பர் வந்துச்சான்னு காலைல தெரியுமாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சவுரியைத் தொடவில்லை. இருந்ததை முடிந்துகொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு போனேன். பூசையில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. நன்மை அப்பம் வாங்கிவிட்டு வந்து முழந்தாளில் இருந்தபோது, அறிவிப்பு படிக்க ஃபாதர் எழுந்தார். தெருக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டம் பற்றிப் படித்தார். கல்லறைத் தோட்டச் சுவர் வெள்ளையடிப்பது பற்றிப் படித்தார். பேப்பரை மடித்தார்.  அப்புறம் அடியிலிருந்து இன்னொரு பேப்பரை எடுத்தார்.

என் மகள் பெயரைப் படித்தார். அவன் பெயரைப் படித்தார். தடை ஏதேனும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்றார். கோயிலில் இருந்த எல்லோரும் என் தலையைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. பின் பெஞ்சில் ஒரு குழந்தை அழுதது, அவ்வளவுதான். ஃபாதர் அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது போன் அடித்தது. சம்மந்தியம்மா.

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க சம்மந்தி."

"இங்கயும் படிச்சிட்டாங்க."  அவர்கள் கோயில் மணிச் சத்தம் போனில் கேட்டது. "கல்யாணத்தன்னைக்கு அந்த சவுரிய வெப்பீங்களா?"

"தெரியல சம்மந்தி. இன்னும் யோசிக்கல." யோசிக்காமல் ஒரு நிமிஷம்கூட இருந்ததில்லை.

"வெக்கறதுன்னா வெச்சிக்கங்க. ஊக்கு மட்டும் குத்தாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அது குத்தலா, பிரியமா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவள் ஹேர்பின் என்னிடமே இருக்கிறது. தினமும் அதைத்தான் சொருகிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். கல்யாணத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.