இடது பையில் இருந்த கத்தி

பக்தவச்சலத்திடம் முப்பத்தொரு மடக்குக் கத்திகள் இருந்தன. வெளியே கிளம்பும்போது இரண்டை எடுத்துக்கொள்வார். வலது பையில் இருப்பது அவருக்கு. இடது பையில் இருப்பது கேட்பவர்களுக்கு.

கேட்பவர்களுக்குக் குறைவில்லை. இரும்புலியூரில் அவருக்கு எட்டு வீடுகள் வாடகைக்கு ஓடின. குடியிருந்தவர்கள் பார்சல் பிரிக்கக் கேட்பார்கள், கேக் வெட்டக் கேட்பார்கள். அவர் இடது பைக்குள் கையை விடுவார். அது ரயில் நிலைய நடைபாலத்தில் வாங்கிய எவர்சில்வர் கத்தி. வாங்கிய அன்றே அதன் வாயைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டார். கூராக இருந்தால் மறுபடியும் கேட்பார்கள். ஒருவன் அட்டைப் பெட்டியின் டேப்பை அறுக்க முடியாமல் கடைசியில் பல்லால் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடிக்கும். “மெதுவா, மெதுவா,” என்பார்.

வலது பையில் இருந்தது எருமைக் கொம்புப் பிடி போட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கு நடுவே துருவேறிக் கிடந்தது. துருவை எடுக்க மூன்று மாதம் ஆயிற்று. அந்த இரும்பு பழம் அறுக்க அறுக்கக் கறுக்கும் சாதி. எலுமிச்சை பட்டால் திட்டுத்திட்டாகக் கெட்டுவிடும் என்று மாம்பழமும் ஆப்பிளும் மட்டும் அறுத்தார். பன்னிரண்டு வருடத்தில் அலகு முழுக்கப் புறாக் கழுத்து நிறம் வந்திருந்தது. ஒருமுறை அவர் மனைவி சரசு தெரியாமல் அதில் வெங்காயம் நறுக்கிவிட்டாள். பதினொரு நாள் அவளோடு பேசவில்லை.

“அந்தக் கத்தியவே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க,” என்றாள் பன்னிரண்டாம் நாள்.

ஜூன் மாதம் ஒரு காலையில் அவர் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் அருகே சாலையைக் கடக்க நின்றிருந்தார். தண்ணீர் லாரிக்கு ஒதுங்கிய ஒரு பைக் அவர் காலடியில் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சத்யபிரியா என்ற பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றியிருந்தது. மறுமுனை அவள் கழுத்தில். பைக்கை ஓட்டிவந்த அண்ணன் அன்பு சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றப் பார்த்தான். சக்கரம் அசையவில்லை.

“யாராவது கத்தி குடுங்க! கத்தி, கத்தி!”

“இருக்கு,” என்றார் பக்தவச்சலம்.

வலது கை ஏற்கெனவே கொம்புக் கத்தியை எடுத்துத் திறந்துவிட்டிருந்தது. அப்போதுதான் பைக்கின் செயினைப் பார்த்தார். கறுப்பு எண்ணெய், மணல், சக்கரக் கம்பிகள். கம்பியில் பட்டால் வாய் சில்லுச் சில்லாகப் பெயரும். கத்தியை மடக்கினார். பையில் போட்டார். இடது கத்தியை எடுத்து அன்புவிடம் நீட்டினார்.

பாலியஸ்டர் துணி. கத்தி வழுக்கியது. அன்பு அழுதுகொண்டே ரம்பம்போல இழுத்தான். கூட்டம் அவன் கையைப் பார்த்தது. பக்கவாட்டில் கிடந்த சத்யபிரியா மட்டும் பக்தவச்சலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் மூடும்வரை. துணி கடைசியில் அறுந்தது.

உயிர் இருந்தது. குரல்வளை நசுங்கியிருந்தது. நாவலூரில் போன் எடுத்துப் பேசுகிற வேலை அவளுக்கு. அரை நிமிஷம் முந்தி அறுத்திருந்தால் குரல் தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அது பக்தவச்சலத்தின் காதுக்கும் வந்தது. தெருவில் அதற்குள் அவரைக் கடவுள் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. அந்தப் பெண் என்ன பார்த்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பேச முடியாது என்று கேள்விப்பட்ட அன்று நன்றாகத் தூங்கினார்.

ஆகஸ்டில் சத்யபிரியாவைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா எல்லம்மா அவர் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவள். பெண்ணின் கழுத்தில், மூச்சுக்குக் குழாய் வைத்த இடத்தில், சதுரமாகப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எம் பொண்ண காப்பாத்துன கத்திய குடு சார். சாமி படத்தாண்ட வெச்சிக்கிறேன்.”

பக்தவச்சலம் சிரித்தார். இடது கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “தாராளமா எடுத்துக்கோம்மா.”

சத்யபிரியா தலையை ஆட்டினாள். எழுந்து வந்து அவருடைய வலது பையைச் சுட்டினாள்.

“இது இல்லியாம் சார். அந்தப் பாக்கெட்ல கீதாம்.”

“அதுல ஒண்ணும் இல்லம்மா.”

“இருக்குமே,” என்றாள் காபி கொண்டுவந்த சரசு. “அது இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போமாட்டாரு.”

எடுத்து வைத்தார். எல்லம்மா கொம்புப் பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இதானா? சாமி மாதிரி கீது சார். இதயே குடுத்துடு.”

சத்யபிரியா அவர் முகத்தையே பார்த்தாள். பக்தவச்சலம் சும்மா இருந்திருக்கலாம். கத்தி போயிருக்கும், பெயர் நின்றிருக்கும். எல்லம்மா அதைப் புடவைத் தலைப்பில் முடியப் போனாள்.

“ஐயோ, அது இல்லம்மா! அன்னைக்கு நான் குடுத்தது இதுதான்.” எவர்சில்வர் கத்தியை அவள் பக்கம் தள்ளினார். “சத்தியமா இதுதான்.”

எல்லம்மா குழம்பிப்போய் இரண்டையும் விரித்தாள். பழக்கதோஷத்தில் எவர்சில்வரின் வாயில் கட்டைவிரலை வைத்து இழுத்தாள். மறுபடி, அழுத்தி இழுத்தாள். தோலில் கோடுகூட விழவில்லை. பிறகு கொம்புக் கத்தியில் விரலை லேசாக வைத்தாள். ரத்தம் வந்தது.

விரலைச் சூப்பவில்லை. மகளைப் பார்த்தாள். மகள் கண்ணை மூடித் திறந்தாள்.

“அன்னிக்கு இது எங்க சார் இருந்திச்சி?”

சரசு தட்டைக் கீழே வைத்தாள்.

“உன்னத்தான் சார் கேக்கறேன். வூட்ல இருந்திச்சா, பாக்கெட்ல இருந்திச்சா?”

பக்தவச்சலம் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலில் இருந்து ஒரு சொட்டு அலகில் இறங்கி, புறாக் கழுத்து நிறத்தின்மேல் பரவிக்கொண்டிருந்தது.

“அத மொதல்ல இப்படிக் குடும்மா,” என்றார். “ரத்தம் பட்டா கறை புடிச்சிரும்.”

எல்லம்மா கொடுக்கவில்லை.