ஜெனிபர் டீச்சரின் பச்சை

அனுமந்தன்பட்டி ஜெனிபர் டீச்சர் யாரையும் லேசில் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்ப்பார். கோயிலுக்குப் போகும்போது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் பீங்கான் வேலையை ஊருக்கே எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டால், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் பதில்.

புதுச்சேரிப் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் மண் பிசைந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வீட்டுக்குப் பின்னால் கேஸ் சூளை போட்டார். சனி, ஞாயிறு தேனியில் ஒரு மாடியில் வகுப்பு. டாக்டர் வீட்டு அம்மாக்கள், மசாலாக் கடைக்காரர் மகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று கூட்டம். சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்துவதிலிருந்து கப்புக்குக் கைப்பிடி ஒட்டுவது வரை திட்டித் திட்டியாவது கற்றுக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தப் பச்சையை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை.

சூளையில் உருகிப் பாத்திரத்தின் மேல் கண்ணாடிபோலப் படியும் பூச்சைக் கிளேஸ் என்பார்கள். டீச்சரின் பச்சைக் கிளேஸ், திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டித் தள்ளும் கொடிகளை எரித்த சாம்பலில் வருவது. தேக்கடி விடுதிகள் அவரைத் தேடி வருவதே அதற்காகத்தான். அது போனால் அவர் கப்பைச் சீண்ட ஆள் கிடையாது.

ஆகவே சாம்பல் அளவை நோட்டில் தப்பாகத்தான் எழுதி வைத்திருந்தார். நோட்டில் நூற்றுக்கு இருபத்தி நாலு பங்கு; கலக்கும்போது மனசுக்குள் எட்டைக் கூட்டிக்கொள்வார். அந்த நோட்டும் ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டுதான் கலப்பார். கலந்த வாளியைச் சலித்து வைப்பது மட்டும் பிரின்சியின் வேலை.

பிரின்சி மார்க்கையன்கோட்டைக்காரி. வகுப்புக்கு வந்தவள், மூன்று வருஷமாக உதவிக்கு இருந்தாள். கை சுத்தம், பேச்சு குறைவு. பேச்சு குறைவு என்பதே டீச்சருக்குச் சந்தேகம்தான்.

போன கார்த்திகையில் சாம்பல் டிரம் சீக்கிரம் காலியாவதுபோலத் தெரிந்தது. டீச்சர் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தார். அடுத்த கலவைக்குப் பிறகு பார்த்தால், தான் எடுத்ததைவிட நாலு விரற்கடை கூடவே இறங்கியிருந்தது. அன்றே மூலை முடுக்கெல்லாம் துழாவினார். சூளைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுச் சாக்குக்குள் பதினோரு சோதனைச் சில்லுகள் கிடைத்தன. விரல் அகலத்தில் மண்ணைத் தட்டி, கிளேஸ் தடவிச் சுட்டுப் பார்ப்பவை. பத்து மங்கல். ஒன்று அசல் பச்சை.

பிரின்சியைக் கூப்பிட்டுச் சாக்கைக் காலடியில் போட்டார்.

"டீச்சர், நான் சொல்றத ஒரு நிமிசம் கேளுங்க. அந்தச் சாம்பல்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் ஆத்தா. பட்டறைச் சாவியவே ஒன் கையில குடுத்து வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும். கெளம்பு!"

பிரின்சி ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். திருடியைப் பிடித்துவிட்ட நிம்மதியில் டீச்சர் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் விடுதிக்கான நூற்றறுபது கப்புகளுக்கும் தானே கலந்து, தானே சலித்து, சூளையை ஏற்றினார். ஆறவிட்டுத் திறந்தார். நூற்றறுபதும் பல்லி முதுகுபோலச் சொரசொரத்து, சேற்று நிறத்தில் உட்கார்ந்திருந்தன. எட்டைக் கூட்டினோமா என்று பத்துத் தடவை யோசித்தார். கூட்டியிருந்தார்.

பிறகுதான் அந்தச் சில்லுகளைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் தேதி. எல்லாம் போன மாசி மாதம். பச்சைச் சில்லின் முதுகில், 'புதுத் தோட்டத்துச் சாம்பல். டீச்சர் அளவு பத்தல. இப்ப சரி' என்று இருந்தது. எவ்வளவு என்று எழுதவில்லை. திருட்டுக்குப் பயப்படுவதை அவரிடம்தானே கற்றிருந்தாள்!

முன்பு குச்சி கொடுத்துவந்த தோட்டக்காரர் திராட்சைக் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்துவிட்டார். டீச்சரும் தையிலிருந்து வேறொரு தோட்டத்துக் குச்சியை எரித்து வந்தார். எல்லாம் ஒரே குச்சிதானே என்று இருந்துவிட்டார். வகுப்பில் சாம்பலுக்குச் சாம்பல் குணம் மாறும் என்று வாய் கிழியச் சொல்பவர் அவர்தான். பத்து மாதமாகத் தன் பச்சை என்று விற்றதெல்லாம் சலிக்கும்போது பிரின்சி கூடுதலாகச் சாம்பல் சேர்த்ததால் வந்த பச்சை.

மார்க்கையன்கோட்டைக்குப் போனார்.

"ஏம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டிரம் எறங்குறதப் பாத்தே ஒங்க அளவு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா வெரட்டிருவீகன்னு பயந்தேன் டீச்சர். தெரியாமலே வெரட்டிட்டீக."

டீச்சருக்கு முகம் சுண்டிப்போனது. "இப்பச் சொல்லு. விடுதிக்கு மறுபடி சுட்டாகணும்."

"சொல்றேன். ஒங்க காதுல இல்ல. சனிக்கெழம வகுப்புல, போர்டுல எழுதுறேன். சரின்னா வர்றேன்."

நூற்றறுபது கப்பை நினைத்து டீச்சர் தலையாட்டினார்.

சனிக்கிழமை பிரின்சி போர்டில் சாம்பல் நாற்பத்தி ஒன்று என்று எழுதினாள். படம் எடுக்க ஒன்பது போன்கள் எழும்பின. டீச்சர் ஒவ்வொரு கையாக எண்ணினார், பழக்கம் விடுமா. வீட்டுக்கு வந்ததும், இவளும் நம்மைப்போல எட்டை மறைத்திருந்தால் என்ற நினைப்பு குடைந்தது. யாரிடமும் சொல்லாமல் நாற்பத்தி ஒன்றில் ஒரு சில்லைச் சுட்டுப் பார்த்தார்.

பச்சையாகத்தான் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சூளைக்கு முன்னால் உட்கார்ந்து டீச்சர் அழுதார்.